அடுப்பைத் தேர்ந்தெடுக்கும் அட்டவணைகள்: ஒரு புகாரும் ஒரு கணக்கும்

போன ஆடி மாதம் கும்பகோணத்தில் அம்மா பாலை அடுப்பில் வைத்துவிட்டு, வாசலில் கீரை விற்க வந்தவரிடம் பேசப் போயிருக்கிறார். பால் பொங்கி வழிந்து தீ அணைந்துவிட்டது. கேஸ் நாப் திறந்தபடியே இருந்திருக்கிறது. மாடியில் குடியிருப்பவர் எதற்கோ கீழே இறங்கியபோது நாற்றம் தெரிந்து, ஓடிப்போய் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு எனக்குப் போன் செய்தார். அதற்குள் அம்மா சமையலறைக்குத் திரும்பி, கால் மணி நேரமாக அங்கேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாராம். போனில் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "எனக்கு ஒரு வாடையும் வரலையேடா."

அம்மாவுக்கு வயது 74. தனியாக இருக்கிறார். நான் பெங்களூரில் இருக்கிறேன்.

பயந்துபோன மென்பொருள்காரன் என்ன செய்வான்? எக்செல் தாளைத் திறப்பான். நானும் திறந்தேன். இணையத்தில் "கேஸா, இண்டக்ஷனா, எது சிறந்தது" என்று போடப்பட்டிருக்கும் ஒப்பீட்டு அட்டவணைகளில் ஒரு இருபதையாவது படித்திருப்பேன். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே தலைப்புகள்: திறன், செலவு, பாத்திரம், பாதுகாப்பு, சுத்தம் செய்யும் எளிமை. எல்லாவற்றையும் ஒன்றாகத் தொகுத்து மதிப்பெண் போட்டேன். இண்டக்ஷன் எளிதாக ஜெயித்தது. வாங்கி அனுப்பினேன். பத்தே நாளில் அது அலமாரியின் மேல் தட்டுக்குப் போய்விட்டது. அம்மா பழையபடி கேஸில் சமைத்துக்கொண்டிருந்தார்.

என் தப்பு எங்கே என்று பிறகு உட்கார்ந்து பார்த்தேன். தப்பில் பாதி என்னுடையது. மீதி அந்த அட்டவணைகளுடையது. அவற்றை ஒவ்வொரு கட்டமாக எடுத்துப் பார்ப்போம்.

முதல் கட்டம்: திறன்

"கேஸ் 40 சதவீதம், இண்டக்ஷன் 90 சதவீதம்" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள். இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன?

நம் நாட்டில் வீட்டு கேஸ் அடுப்புக்கான தர விதி ஐஎஸ் 4246. அதன்படி அடுப்பின் வெப்பத்திறன் குறைந்தது 68 சதவீதம் இருக்க வேண்டும். பர்னரின் அளவுக்குப் பொருத்தமான, மூடி போட்ட அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, சுமார் 90 டிகிரி வரை சூடாக்கி அளப்பார்கள். அப்படியானால் 40 என்பது பொய்யா? அதுவும் இல்லை. 2014இல் எப்ரி என்ற அமெரிக்க மின்துறை ஆய்வு நிறுவனத்தார் அளந்து வெளியிட்ட எண்கள் ஏறக்குறைய இவை: கேஸ் அடுப்பு பெரிய பாத்திரத்தில் 44 சதவீதம், சிறிய பாத்திரத்தில் 30. இண்டக்ஷன் இரண்டிலுமே 77ஐ ஒட்டி. சாதாரண மின்சுருள் அடுப்பு பெரிய பாத்திரத்தில் 83, சிறியதில் 42.

கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். பெரிய பாத்திரம் வைத்தால், பழங்காலச் சமாச்சாரம் என்று நாம் ஒதுக்கிய மின்சுருள் அடுப்பு இண்டக்ஷனையே முந்துகிறது. சிறிய பாத்திரம் வைத்தால் பாதிக்குக் கீழே போய்விடுகிறது. இத்தனைக்கும் மின் நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் ஆய்வு அமைப்பு அது. அவர்கள் அளவீட்டிலேயே இண்டக்ஷன் 90ஐத் தொடவில்லை.

ஆக, திறன் என்பது அடுப்பின் குணம் மட்டும் இல்லை. அடுப்பும் பாத்திரமும் சேர்ந்த ஜோடியின் குணம். 68ம் உண்மை, 44ம் உண்மை, 30ம் உண்மை. பெரிய பர்னரில் சின்ன டபரா வைத்துக் காபிக்குப் பால் சுட வைக்கும் வீட்டுக்கு 30. பெரிய அடுக்கில் மூடி போட்டுச் சமைக்கும் வீடு 68ஐ நோக்கி நகரும். பாத்திரத்தைச் சொல்லாமல் சதவீதத்தை மட்டும் சொல்வது, சட்டை அளவைச் சொல்லாமல் துணி எத்தனை மீட்டர் வேண்டும் என்று சொல்வது மாதிரி.

இரண்டாம் கட்டம்: செலவு

இங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எல்பிஜி. ஒரு கிலோவில் சுமார் 12.7 கிலோவாட்-மணி ஆற்றல். மொத்தம் சுமார் 180 யூனிட். இதில் 68 சதவீதம் பாத்திரத்துக்குள் போகிறது என்றால் 122 யூனிட். அதே வேலையை 77 சதவீதத் திறனுள்ள இண்டக்ஷன் செய்ய 159 யூனிட் மின்சாரம் வேண்டும். 44 சதவீதம்தான் போகிறது என்றால் 103 யூனிட் போதும்.

சிலிண்டர் விலையை, கணக்குக்காக, 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் கணக்குப்படி மின்சாரம் யூனிட்டுக்கு 5.66 ரூபாய்க்குக் கீழே இருந்தால்தான் இண்டக்ஷன் லாபம். இரண்டாவது கணக்குப்படி 8.74 ரூபாய் வரைக்கும் லாபம்.

இப்போது நம்மூர் மின்கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டை இலவசமாக்கினார்கள். அதற்கு மேல் படிப்படியாக ஏறும். 500ஐத் தாண்டினால் அதற்கு முந்தைய சில யூனிட்டுகளின் சலுகை விலையும் சேர்ந்து போய்விடும். அதனால் உங்கள் பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் சராசரி விலையை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பு. அடுப்பு சேர்ப்பது கடைசி யூனிட்டுகளை. அந்தக் கடைசி யூனிட்டுக்கு என்ன விலை என்பதுதான் கேள்வி. ஏசி இல்லாத, ஒரே ஆள் இருக்கும் அம்மா வீட்டுக்கு ஒரு விடை. இரண்டு ஏசி ஓடும் வீட்டுக்கு நேர் எதிர் விடை.

"இண்டக்ஷன்தான் மலிவு" என்பவரும் "கேஸ்தான் மலிவு" என்பவரும் இரண்டு பேருமே நேர்மையாகக் கணக்குப் போட்டிருக்கலாம். எந்தப் பாத்திரம், எந்தப் படி என்று சொல்லாததுதான் குறை.

ஓவன் பற்றி ஒரு சின்ன இடைச்செருகல்

இதே அட்டவணைகளின் கீழ்ப்பாதியில் பெரும்பாலும் ஓவன் இருக்கும். "மைக்ரோவேவ் 800 வாட், ஓடிஜி 1500 வாட், ஆகவே மைக்ரோவேவ் சிக்கனம்" என்று. மைக்ரோவேவில் முன்னால் எழுதியிருக்கும் 800 என்பது உள்ளே உணவுக்குப் போகும் சக்தி. சுவரிலிருந்து அது இழுப்பது 1200 பக்கம் இருக்கும். ஓடிஜியில் எழுதியிருப்பது சுவரிலிருந்து இழுப்பது. இரண்டையும் பக்கத்தில் வைப்பது சம்பளத்தில் ஒருவருக்குப் பிடித்தம் போகக் கைக்கு வருவதையும் இன்னொருவருக்கு மொத்தத்தையும் வைத்து ஒப்பிடுவது போல. மற்றபடி முடிவு எளிது. சாதம், குழம்பைச் சூடு பண்ண மைக்ரோவேவ். கேக், ரொட்டி என்று மேல்பக்கம் சிவக்க வேண்டியதற்கு ஓடிஜி. இரண்டும் செய்யாத வீட்டுக்கு இரண்டும் வேண்டாம். அம்மா வீட்டுக்கு வேண்டாம்.

மூன்றாம் கட்டம்: பாத்திரம்

அட்டவணையில் இது ஒரே வரி: "இண்டக்ஷனுக்கு ஏற்ற பாத்திரம் தேவை." நான் இதற்குக் கழித்தது ஒரே ஒரு மதிப்பெண். அம்மாவின் சமையலறையில் அந்த ஒரு மதிப்பெண் என்ன ஆனது என்று பாருங்கள்.

இண்டக்ஷன் அடுப்பின் செம்புச் சுருளில் நொடிக்கு இருபதாயிரம் முறைக்கு மேல் திசைமாறும் மின்னோட்டம் ஓடுகிறது. அது பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. இரும்பில் அந்த ஓட்டம் அடிப்பக்கத்து மெல்லிய படலத்துக்குள்ளேயே நெருக்கியடித்து ஓடுவதால் நல்ல சூடு வருகிறது. அலுமினியத்தில் மின்தடையும் குறைவு, ஓட்டம் இன்னும் ஆழமாகப் பரவியும் போகிறது. சூடு போதாது; அடுப்பு பாத்திரத்தையே கண்டுகொள்ளாமல் பீப் பீப் என்று கத்தும்.

அம்மாவின் குக்கர் அலுமினியம். வத்தக்குழம்புக்குக் கல்சட்டி. ரசத்துக்கு ஈயச்சொம்பு, உண்மையில் அது வெள்ளீயம், 232 டிகிரியில் உருகிவிடும், அதனால் தண்ணீர் ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்றுவார். மூன்றுமே இண்டக்ஷனில் வேலை செய்யாது. இரும்பு தோசைக்கல் வேலை செய்தது. ஆனால் கல்லின் விட்டம் 30 சென்டிமீட்டர், அடியில் இருக்கும் சுருள் 18. "நடுவுல கருகுது, ஓரம் வெள்ளையா இருக்கு. இது தோசையாடா?" என்றார். குறைந்த சூட்டிலும் ஒரு தகராறு. விலை குறைந்த அடுப்புகள் பல, 300 வாட் வைத்தால் 300இல் ஓடாது. முழு வேகத்தில் கொஞ்ச நேரம், நிறுத்தம், மறுபடி முழு வேகம். பாயசம் அடிபிடிக்கும்.

புதுப் பாத்திரம் வாங்கித் தருகிறேன் என்றேன். "ஐம்பது வருஷம் சமைச்ச கைக்கு இந்த வயசுல புதுசா அளவு பழக்கணுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என் தாளில் கட்டமே இல்லை.

நான்காம் கட்டம்: பாதுகாப்பு

எல்லாம் எதற்காக ஆரம்பித்தேனோ அந்தக் கட்டம். எல்லா அட்டவணையும் "இண்டக்ஷன்: தீ இல்லை, பாதுகாப்பானது" என்று டிக் போடுகிறது. டிக் சரிதான். ஆனால் கேஸில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று எந்த அட்டவணையும் பிரித்துச் சொல்லவில்லை.

எல்பிஜிக்குச் சொந்த வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். அதாவது நம் வீட்டு எச்சரிக்கைக் கருவி நம் மூக்குதான். வயதாக ஆக மோப்பம் குறையும். அம்மாவைப் பொறுத்தவரை அந்தக் கருவி எப்போது பழுதானது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. காற்றைவிடக் கனமான வாயு, தரையோடு தங்கும். அவரோ தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இதை எழுதும்போதும் கை கொஞ்சம் நடுங்குகிறது.

இதற்கு ஒரு பழைய, எளிய தீர்வு உண்டு. பர்னர் பக்கத்தில் ஒரு தெர்மோகப்பிள். தீ எரியும்வரை அது சில மில்லிவோல்ட் மின்சாரம் தந்து ஒரு வால்வைத் திறந்தே வைத்திருக்கும். தீ அணைந்தால் தெர்மோகப்பிள் ஆறி, கொஞ்ச நேரத்தில் வால்வு தானாக மூடிக்கொள்ளும். ஐரோப்பாவில் விற்கும் அடுப்புகளில் இது சர்வ சாதாரணம். நான் ஏறி இறங்கிய கடைகளில் சாதாரண மேசை அடுப்பு எதிலும் இல்லை. மேடையில் பதிக்கும் ஹாப் வகைகள் சிலவற்றில் மட்டும் இருந்தது. விற்பனையாளர் கண்ணாடியின் கனம், பர்னரின் பித்தளை என்று எல்லாம் சொன்னார். இதை நான் கேட்ட பிறகுதான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். வயதானவர்கள் சமைக்கும் வீட்டுக்கு இதைவிட முக்கியமான தகவல் இல்லை. நான் படித்த அட்டவணைகளில் ஒன்றில்கூட இதற்கு ஒரு வரி இல்லை.

இண்டக்ஷன் பக்கமும் டிக் முழுசாக இல்லை. நான் வாங்கியதில் தொடுதிரை. ஈரக்கையோடு தொட்டால் கேட்கவில்லை. எழுத்தைப் படிக்கக் கண்ணாடி வேண்டும். 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். சின்ன 6 ஆம்பியர் பிளக்கில் போடக்கூடாது. பழைய வீட்டில் பெரிய பிளக் ஒன்றுதான் இருக்கும், அதில் கிரைண்டர் இருக்கும். அப்புறம், மாதாந்திரப் பராமரிப்பு என்று பகலெல்லாம் மின்தடை வரும் நாளும் உண்டு.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவே இண்டக்ஷனில் ஒன்றைப் பாராட்டினார்: "ஃபேன் போட்டுக்கிட்டே சமைக்கலாம்." சித்திரை வெயிலில் தீ அணைந்துவிடும் என்று ஃபேனை நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டு நின்றவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். இதுவும் எந்த அட்டவணையிலும் இல்லை.

கடைசியில் என்ன செய்தோம்

முடிவெடுத்தது அம்மாதான். தீபாவளிக்குப் போயிருந்தபோது நான் மறுபடி தாளை எடுத்துக்கொண்டு உட்கார, அவர் சொன்னார்: "பொங்கி வழியறது பால் ஒண்ணுதான். நான் மறந்துட்டுப் போறதும் பாலைத்தான். அதை மட்டும் இதுல வெச்சுக்கறேன். மத்ததை விடு."

நான் எந்த அடுப்பு என்று தேடிக்கொண்டிருந்தேன். அவர் எந்த வேலை எந்த அடுப்பில் என்று பிரித்துவிட்டார். ஒரு வீட்டுக்கு ஒரு அடுப்பு என்ற அனுமானத்தை நான் எங்கேயும் எழுதவில்லை. ஆனால் எல்லா அட்டவணைகளைப் போல என் தாளும் அதன் மேல்தான் நின்றிருந்தது.

இப்போது அங்கே தொடுதிரைக்குப் பதிலாக அழுத்தும் பட்டன் உள்ள இண்டக்ஷன் ஒன்று, தனி 16 ஆம்பியர் பிளக்கில். பால், காபி, வெந்நீர் அதில், டைமர் போட்டு. தானாக மூடிக்கொள்ளும் வால்வுள்ள இரண்டு பர்னர் கேஸ் ஹாப் ஒன்று. ரசம், வத்தக்குழம்பு, தோசை அதில். தரையை ஒட்டிச் சுவரில் ஒரு கேஸ் கசிவு அலாரம், மூக்குக்குப் பதிலாக. மூன்றும் சேர்ந்து, நான் முதலில் திட்டமிட்டதைவிடச் செலவு அதிகம்தான்.

நீங்கள் அடுப்பு வாங்கப் போகிறீர்கள் என்றால், கடைக்குப் போகும் முன் சமைப்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். தினமும் எடுக்கும் பாத்திரங்கள் எவை? எதை அடுப்பில் வைத்துவிட்டு மறக்கிறீர்கள்? கேஸ் கசிந்தால் உங்களுக்கு வாடை தெரிகிறதா? சதவீதத்தை அதற்கப்புறம் பார்க்கலாம்.

கடைசிக் கேள்வியை நான் அம்மாவிடம் ஐந்து வருடத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.