பழைய விரலுக்குப் புதிய எழுத்து: என்.எச்.எம். ரைட்டர்

சிதம்பரம் கீழ வீதியிலோ கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலோ ஒரு டி.டி.பி. கடைக்குப் பென் டிரைவோடு போய்ப் பாருங்கள். கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, “என்ன ஃபாண்ட்ல அடிச்சீங்க சார்?” பாமினியா, செந்தமிழா, வானவில் அவ்வையாரா, ஷ்ரீலிபியா? எழுத்துரு அவரிடம் இருந்தால் மனு மனுவாகத் தெரியும். இல்லாவிட்டால் ஜேயும் கேயும் அரைப்புள்ளியுமாகத் திரை நிரம்பும்.

காரணம் எளிது. பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்து தனக்கென்று இடம் இல்லாமல் ஆங்கில எழுத்தின் இடத்தில் குடியிருக்கிறது. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்பில் பதிவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. தமிழுக்கு உலகப் பொது இடம் தந்த ஒருங்குறி, அதாவது யூனிகோடு, 1991-இலேயே வந்துவிட்டது. தமிழக அரசும் 2010-இல் அதை ஏற்றது. ஆனாலும் கடைகளில் பழைய கேள்வி ஓயவில்லை. “இத்தனை வருஷம் பழகின கையை இனிமே மாத்த முடியுமா?” என்பதுதான் பொதுவான பதில்.

அந்தப் பதில் சரியா என்று பார்க்கவே என்.எச்.எம். ரைட்டரைச் சில வாரங்கள் முழுநேரமாகப் பயன்படுத்தினேன். கிழக்கு பதிப்பகத்தின் நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வெளியிட்ட நிரல் இது. விண்டோஸில் மட்டும் ஓடும். வந்து பதினைந்து ஆண்டுக்கு மேலாகிறது. திரையின் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், ஒரு மணிச் சின்னமாக உட்கார்ந்துகொள்ளும். ஆல்ட் விசையோடு ஓர் எண்ணை அழுத்தினால் தமிழ், இன்னோர் எண்ணுக்கு ஆங்கிலம். அதற்குமேல் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

ஒரே கோப்பு, பல விரல்கள்

இதன் பெரிய பலம், தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சு, பாமினி என்று விசைப்பலகை முறைகள் பலவற்றைத் தருவது. எதில் அடித்தாலும் கோப்பில் பதிவது ஒருங்குறிதான்.

தமிழில் லோயர், ஹையர் முடித்தவர் பழைய தட்டச்சைத் தேர்ந்துகொள்ளலாம். தட்டச்சுப் பொறியில் ‘கொ’ அடிக்க முதலில் கொம்பு, பிறகு ககரம், கடைசியில் கால். அந்த வரிசையிலேயே அடிக்கலாம். நிரல் அதை ஒருங்குறிக்குரிய வரிசைக்கு மாற்றிக்கொள்கிறது. பாமினிக்காரருக்கும் அப்படியே. விசைகளும் விரல்களும் பழையவை, கோப்பு மட்டும் புதியது. ஆக, கையை மாற்ற வேண்டிய தேவையே இல்லை. எழுத்துருவை விடுவதும் விரல் பழக்கத்தை விடுவதும் ஒன்று என்று நாம் குழப்பிக்கொண்டதுதான் சிக்கல்.

புதிதாகப் பழகுபவருக்கு என் வாக்கு தமிழ்99-க்கு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற முறை அது. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஒரு புள்ளி: மொத்தம் 31 விசை. உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. அகர மெய்யை அடித்து உயிரைச் சேர்த்தால் உயிர்மெய்; ‘கொ’வுக்கு க, ஒ என்று இரண்டே தட்டு.

இதில் ருசியான பகுதி தானாக விழும் புள்ளி. ஒரே மெய் இரட்டித்தாலும், ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என இன எழுத்துகள் சேர்ந்தாலும் முன்னதற்குப் புள்ளி தானே விழும். ‘சிதம்பரம்’ எட்டே தட்டு. ஒலிபெயர்ப்பில் ஆங்கில எழுத்தால் அடித்தால் பதினொன்று. ‘கடலூர்’ ஆறு தட்டு. ‘மமதை’ போன்ற சொல்லில் புள்ளி வேண்டாமென்றால் இரண்டு மகரத்துக்கும் நடுவே ஓர் அகரம் தட்ட வேண்டும். திருவந்திபுரத்துக் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்களுக்கு ஒரு வசதி: ‘ஸ்ரீ’ ஷிஃப்டோடு ஒரே தட்டு.

இடறும் இடங்கள்

முதல் சில நாள் தமிழ்99-இல் கை குழறும். கடையில் வாங்கும் கீபோர்டில் தமிழ் எழுத்து அச்சாகியிருக்காது என்பதால் விசைப்பலகைப் படம் ஒன்றைப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது தொல்லை, எந்த மொழியில் இருக்கிறோம் என்பதை மறப்பது. கடவுச்சொல் பெட்டியில் வெறும் புள்ளிகளே தெரிவதால், தமிழில் அடித்துக்கொண்டிருப்பது புரியாமல் மூன்று முறை தவறி, கணக்கே பூட்டிக்கொள்ளும். பலர் உட்காரும் கணினியில் இது அன்றாடக் கதை. எழுந்து போகும்போது ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுப் போவதுதான் மரியாதை.

மூன்றாவதுதான் பெரியது: பேஜ்மேக்கர். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அதற்கு ஒருங்குறித் தமிழ் தெரியாது. நம் ஊர்க் கடைகள் பலவற்றில் இன்னும் ஓடுவது அதுதான். விளைவு வேடிக்கையானது. வாடிக்கையாளர் கைப்பேசியில் பேசியே பத்திரிகை வாசகத்தைத் தமிழில் எழுதிவிடுகிறார். 2017 முதலே கூகுள் விசைப்பலகை தமிழ்ப் பேச்சை எழுத்தாக்குகிறது. அதை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். கடையில் அதைப் பார்த்துப் பார்த்து முதலிலிருந்து அடிக்கிறார்கள்! இன்டிசைனுக்கு மாறினால் இந்த வேலை மிச்சம். அங்கும் பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு-ரெடி கம்போஸர்’ என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

பழைய கோப்புகளை என்ன செய்வது?

இதே நிறுவனத்தின் என்.எச்.எம். கன்வர்ட்டர் பழைய எழுத்துருக் கோப்பை ஒருங்குறியாக மாற்றும். ஆனால் நடுவில் ஆங்கிலம் இருந்தால் கவனம் வேண்டும். பாமினிக் கோப்பில் ‘டி.என். 31’ என்ற வண்டி எண்ணை ஆங்கிலத்தில் அடித்திருந்தால், மாற்றிக்கு அது ஆங்கிலம் என்று தெரிய வழியில்லை; அதையும் தமிழாக்கி வைக்கும். பெயர், எண், முகவரி மூன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டுவிட்டே அச்சுக்கு அனுப்புங்கள். இருபது ஆண்டுக் கோப்புகளை ஒரேயடியாக மாற்றத் தேவையில்லை. மறுபடி கைக்கு வருவதை வந்தபோது மாற்றினால் போதும்.

மாற்றினால் என்ன லாபம்? தேடல். அண்ணாமலை நகரில் தமிழ் ஆய்வேடு எழுதுபவர் நானூறு பக்கத்தில் ஒரு பாடல் அடியைத் தேட வேண்டும். பழைய எழுத்துருவில் இருந்தால் கணினிக்கு அது ஆங்கிலக் குப்பை. ஒருங்குறியில் இருந்தால் நொடியில் கிடைக்கும். மின்னஞ்சலிலும் கைப்பேசியிலும் அப்படியே திறக்கும்.

தீர்ப்பு

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஒலிபெயர்ப்பு, தமிழ்99 விசைப்பலகைகள் கூடவே வருகின்றன. ஆங்கில எழுத்தால் எப்போதாவது நாலு வரி அடிப்பவருக்கு அதுவே போதும்; தனி நிரல் வேண்டாம். ஆப்பிள் கணினிக்காரருக்கும் என்.எச்.எம். ரைட்டரால் பயனில்லை.

தட்டச்சு அல்லது பாமினி பழகிய அலுவலக எழுத்தருக்கும் டி.டி.பி. கடைக்காரருக்கும் இதைவிடப் பொருத்தமான நிரல் என் கண்ணில் படவில்லை. அவர்களிடம் இது கேட்பது விரலை அல்ல, எழுத்துருப் பட்டியலில் ஒரே ஒரு மாற்றத்தை: பாமினிக்குப் பதில் லதா அல்லது நிர்மலா. பள்ளிப் பிள்ளைக்கு எடுத்த எடுப்பிலேயே தமிழ்99 சொல்லிக்கொடுங்கள். கடைக்காரர்களுக்கு இன்னொரு வார்த்தை: புதிய வேலைகளை மட்டுமாவது இன்று முதல் ஒருங்குறியில் தொடங்குங்கள். வாடிக்கையாளரிடம் ஃபாண்ட் பெயர் கேட்கும் வேலை மெல்லக் குறையும்.