ஒரு அழுத்து, ஒரு குண்டு

நம் பத்திரிகைகளுக்கு மொத்தம் மூன்று துப்பாக்கிகள்தான் தெரியும். சின்னதாக இருந்தால் கைத்துப்பாக்கி. நீளமாக இருந்தால் நவீன ரகத் துப்பாக்கி. செத்தவர்கள் எண்ணிக்கை அதிகமென்றால் இயந்திரத் துப்பாக்கி. போனால் போகிறதென்று டி.வி.க்காரர்கள் 'ஸ்னைப்பர்' என்று நாலாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இதிலென்ன குடி முழுகிப் போச்சு என்பீர்கள். முழுகித்தான் போச்சு. 2018 மே 22-ம் தேதி, ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகத் தூத்துக்குடி கலெக்டர் ஆபீஸை நோக்கிப் போன கூட்டத்தின் மீது போலீஸ் சுட்டது. மறுநாளும் சுட்டது. 13 பேர் போனார்கள். போலீஸ் வேன் மேல் மஞ்சள் டி-ஷர்ட் போட்ட ஒருவர் குறி பார்த்த காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'மெஷின் கன் வச்சுச் சுட்டாங்க' என்று அப்போது ஆரம்பித்த பேச்சு இன்னமும் ஓயவில்லை. அங்கே பயன்பட்டதாகப் பேசப்பட்ட எஸ்.எல்.ஆர்., அதாவது செல்ஃப் லோடிங் ரைஃபிள், மெஷின் கன் இல்லை.

சங்கரன்கோவிலில் தறி ஓட்டும் அண்ணாச்சி ஒருவரிடம் இதைச் சொன்னேன். "எதால சுட்டா என்ன தம்பி? செத்தவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான?" என்றார்.

நல்ல கேள்வி. பதிலும் அவர் ஊரிலேயே இருக்கிறது. கைத்தறியில் ஒவ்வொரு இழைக்கும் நெசவாளி கயிற்றை இழுத்து நாடாவை ஓடவிட வேண்டும். பழைய .303 ரைஃபிள் அந்த ஜாதி. ஒரு குண்டு சுட்டதும் போல்ட்டைப் பின்னால் இழுத்து, காலிக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றி... எல்லாம் கை வேலை. விசைத்தறி வேறு. ஸ்விட்சைப் போட்டால் நிறுத்தும்வரை அது பாட்டுக்கு ஓடும். ஏ.கே.47-ஐ ஆட்டோமேட்டிக்கில் வைத்தால் அப்படித்தான். நிமிஷத்துக்கு 600 குண்டு வேகம். 30 தோட்டா மேகஸின் மூன்றே விநாடியில் காலி. நம் சினிமா கதாநாயகர்கள் அதே மேகஸினை வைத்து ஒரு பாட்டு நீளத்துக்குச் சுடுகிறார்கள். 'கைதி' (2019) கிளைமாக்ஸில் கார்த்தி தூக்கும் சுழலும் பல குழல் துப்பாக்கி மோட்டாரில் ஓடுவது. அதற்குக் கரண்ட் வேண்டும். விசிலடித்து ரசித்தேன். சினிமாவுக்கு அந்தச் சலுகை உண்டு. செய்திக்குக் கிடையாது.

எஸ்.எல்.ஆர். இரண்டுக்கும் நடுவில். குண்டைத் தள்ளும் வாயுவில் கொஞ்சத்தைத் திருப்பிவிட்டு ஒரு பிஸ்டனைத் தள்ளவைக்கிறார்கள். காலிக் கூடு வெளியே தெறிக்கும், அடுத்த தோட்டா தானாக உள்ளே ஏறும். அதோடு சரி. தானாகச் சுடாது. விரலை விட்டு மறுபடி அழுத்தினால்தான் அடுத்த குண்டு.

இதை 'அரை தானியங்கி' என்று மொழிபெயர்த்த புண்ணியவான் யாரோ. 'அரை' என்றதும் அரை டிக்கெட் மாதிரி ஏதோ பாதித் துப்பாக்கி என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் எஸ்.எல்.ஆர். சுடுவது 7.62 மி.மீ. தோட்டா. பல நூறு மீட்டர் தள்ளி நிற்பவரைக் கொல்லும். மூலம் பெல்ஜியத்தின் எஃப்.ஏ.எல். ரைஃபிள். அவ்வளவு பலமான தோட்டாவைத் தொடர்ந்து சுட்டால் குழல் வானத்தைப் பார்க்கும், தோட்டாவும் தண்டம் என்றுதான் பிரிட்டிஷ்காரர்கள் ஆட்டோமேட்டிக்கை எடுத்துவிட்டார்கள். நம் ஆட்களும் அப்படியே. 1962-ல் சீனாவிடம் .303-ஐ வைத்துக்கொண்டு பட்ட பாட்டுக்குப் பிறகு நம் ராணுவத்துக்குக் கிடைத்த ஆயுதம் இது. 1987-ல் அமைதிப்படை இதை எடுத்துக்கொண்டுதான் இலங்கைக்குப் போனது. எதிரே புலிகள் கையில் ஏ.கே. ரகம். நெருக்கமான தெருச் சண்டையில் எஸ்.எல்.ஆர். திணறியது. அடுத்து வந்த இன்சாஸ் ரைஃபிளில் ஒரு அழுத்துக்கு மூன்று குண்டு என்று சமரசம் செய்துகொண்டார்கள். அது நம் திருச்சி தொழிற்சாலையிலும் தயாரானது.

ஆக, யுத்தத்துக்கென்று செய்தது. அதைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தது முதல் தப்பு. ஆனால் அண்ணாச்சிக்கு நான் சொன்ன பதில் அதுவல்ல. செத்தவருக்கு வித்தியாசமில்லை. சுட்டவருக்கு உண்டு. மெஷின் கன் என்றால், "விரல் பட்டுச்சு, படபடன்னு போயிடுச்சு" என்று ஒரு சாக்குச் சொல்ல வழியிருக்கிறது. எஸ்.எல்.ஆரில் அந்தப் பேச்சே இல்லை. ஒவ்வொரு குண்டும் தனித் தீர்மானம். நான் படித்த பி.காம். பாஷையில் சொன்னால், ஒவ்வொன்றுக்கும் தனி வவுச்சர். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபையில் வைக்கப்பட்டது. ஒரே காவலர் 17 ரவுண்டு சுட்டார் என்று அதில் வருகிறது. எஸ்.எல்.ஆர். என்றால் 17 முறை விரல் விலகி, 17 முறை அழுந்தியிருக்கிறது. கோபத்தில் 'மெஷின் கன்' என்று எழுதியவர், தன்னையறியாமல் அந்தப் பதினேழையும் ஒன்றாக்கிக் கொடுத்துவிட்டார்!

சட்டத்துக்கு இந்தக் குழப்பமில்லை. நம் 1959-ம் வருட ஆயுதச் சட்டம், விசையில் விரல் அழுந்தியிருக்கும்வரையோ மேகஸின் தீரும்வரையோ குண்டு வந்துகொண்டே இருந்தால் அது தடை செய்யப்பட்ட ஆயுதம் என்று பிரித்து வைத்திருக்கிறது. அமெரிக்காவில் லாஸ் வேகஸில் 2017-ல் ஒருவன் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களில் 'பம்ப் ஸ்டாக்' என்ற கட்டையை மாட்டி மெஷின் கன் வேகத்துக்குச் சுட்டான். 60 பேர் பலி. அப்புறம் அந்தக் கட்டையைத் தடை செய்தார்கள். 2024-ல் உச்சநீதிமன்றம், ஒவ்வொரு குண்டுக்கும் விசை தனித்தனியாகத்தான் இயங்குகிறது, ஆகவே இது மெஷின் கன் ஆகாது என்று 6-க்கு 3 கணக்கில் தடையை ரத்து செய்தது. தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒரு தேசம் ஏழு வருஷம் அந்த ஒரு விரல் அசைவைப் பற்றியே வாதாடியிருக்கிறது.

நம் நிருபர்கள் அவ்வளவெல்லாம் மெனக்கெட வேண்டாம். எந்தத் துப்பாக்கி, யார் கையில், எத்தனை ரவுண்டு என்ற மூன்று கேள்வியை மறுநாள் காலையிலேயே கேட்கலாம். போலீஸ் ஆயுதக் கிடங்கில் தோட்டாவைச் சும்மா அள்ளிக் கொடுப்பதில்லை. எண்ணிக் கொடுத்து, எழுதிவைத்து, மிச்சத்தையும் எண்ணித்தான் வாங்குவார்கள்.