வெள்ளோட்டம்

புதுத் தேர் செய்து முடித்தால், சுவாமியை எழுந்தருளப் பண்ணுவதற்கு முன்னால் வெறுந்தேரை ஒரு முறை வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். அதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். எந்த முனையில் சக்கரம் முரண்டுகிறது, எந்தத் திருப்பத்தில் முட்டுக்கட்டை போடுகிறவன் அவசரப்பட வேண்டியிருக்கிறது, எந்தக் கம்பியில் கலசம் இடிக்கிறது என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். தேர் அழகாயிருக்கிறதா என்பது அன்றைய கேள்வி அல்ல. தேரும் வீதியும் ஒத்துப் போகின்றனவா என்பதுதான் கேள்வி.

இந்த நாளில் உயர்ந்த ரக மோட்டார் வண்டிகளை வெளியிடும் விழாக்களைப் பார்க்கும்போது அந்த வார்த்தை நினைவுக்கு வருகிறது. வந்த மறுகணமே, பொருந்தவில்லை என்றும் தெரிந்து போகிறது. இங்கே வண்டி இருக்கிறது, மேடை இருக்கிறது, விளக்கும் சங்கீதமும் கைதட்டலும் இருக்கின்றன. வீதிதான் இல்லை.

2024 நவம்பர் 26-ந் தேதி மஹீந்திரா கம்பெனியார் சென்னையில் இப்படி ஒரு விழா நடத்தினார்கள். அன்லிமிட் இந்தியா என்று விழாவுக்குப் பெயர். இரண்டு மின்சார வண்டிகளுக்குத் திரை விலக்கினார்கள். பெரியது எக்ஸ்.இ.வி. 9இ, அதன் ஆரம்ப விலை 21 லட்சத்து 90 ஆயிரம். சிறியது பி.இ. 6இ, அது 18 லட்சத்து 90 ஆயிரம். 2025 பிப்ரவரி 14-ந் தேதி பதிவு தொடங்கியபோது, முதல் நாளிலேயே 30,179 பேர் பெயர் கொடுத்தார்கள் என்றும், அவற்றின் மதிப்பு 8,472 கோடி ரூபாய் என்றும் கம்பெனியே அறிவித்தது. தமிழில் எந்த நாவலாசிரியனும் முதல் நாளில் இத்தனை பிரதி விற்றதாகக் கேள்வியில்லை.

கதை எழுதுகிறவனுக்கு மோட்டார் வண்டியைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல என்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்கலாம். வண்டியைப் பற்றிச் சொல்ல இல்லைதான். ஆனால் இந்த வண்டிகளோடு ஒரு கதையையும் சேர்த்தல்லவா விற்கிறார்கள்? அந்தக் கதையைப் பற்றிச் சொல்ல எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

முதலில் பெயரைப் பார்ப்போம். பி.இ. என்றால் நம் வீடுகளில் அது வண்டி அல்ல, பட்டம். பையன் பி.இ. முடித்துவிட்டானா என்று கேட்டே ஒரு தலைமுறை மாமாக்களுக்கு வயதாகிவிட்டது. இந்த பி.இ.க்கு வேறு விதமான கஷ்டம் வந்தது. இண்டிகோ விமானக் கம்பெனி தன்னுடைய விமானங்களுக்கு 6இ என்ற அடையாளத்தை வைத்திருக்கிறது. அந்த உரிமைக்காக அவர்கள் டில்லி ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். டிசம்பரில் வண்டியின் பெயர் வெறும் பி.இ. 6 ஆயிற்று. எண் ஜோசியம் பார்த்துப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்கிறவர்களை நம் ஊரில் தெருவுக்கு நாலு பேர் பார்க்கலாம். பிறந்து பதினைந்து நாளைக்குள் வழக்கினால் ஓர் எழுத்தை இழந்த குழந்தை இது ஒன்றுதான்.

இந்த ஜாதி வண்டிக்கு கிராஸ்ஓவர் என்று பெயர் சொல்கிறார்கள். விஷயம் சுலபமானது. பழைய ஜீப்புக்கு அடியில் ஏணி மாதிரி இரும்புச் சட்டம் தனியாக இருக்கும். அதன்மேல் உடலைத் தூக்கி வைத்திருப்பார்கள். காருக்கு அப்படியில்லை, கூடும் சட்டமும் ஒன்றே. கிராஸ்ஓவர் என்பது காரின் உடம்பு, ஜீப்பின் வேஷம். உயரமாக நிற்கும், மூக்கைத் தூக்கி வைத்துக்கொள்ளும், சக்கரத்தைப் பெரிதாகக் காட்டும். ஆனால் உள்ளே உட்கார்ந்தால் சோபா. வேஷம் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எந்தப் பாத்திரத்தின் வேஷம் என்று கேட்பதுதான் விமர்சகன் வேலை.

மஹீந்திராக்காரர்கள் 1947-ல் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு முப்பது நாற்பது வருஷ காலம் தமிழ்நாட்டு கிராமத்தில் ஜீப் என்றால் சர்க்கார் என்று அர்த்தம். புழுதி கிளம்பினால் கலெக்டர் காம்ப் வருகிறார். இல்லாவிட்டால் மலேரியாவுக்கு மருந்தடிக்க வருகிறார்கள். அதுவும் இல்லையென்றால் போலீஸ். ஜீப் உயரமாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. சாலை முடிந்த இடத்தில்தான் அதற்கு வேலை ஆரம்பம். உள்ளே இருந்தவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி, இடுப்பு கழன்று போய்த்தான் இறங்குவார். அந்த உயரத்துக்கு அவர் கொடுத்த விலை அது. இருந்தாலும் குனிந்து பார்க்கிற அதிகாரமும், நிமிர்ந்து பார்க்கிற ஜனங்களும் அந்த உயரத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. இன்றைக்கு மேடையில் விற்பது அந்த உயரத்தைத்தான். காம்பும் இல்லை, குலுக்கலும் இல்லை, பைசல் செய்ய மனுக்களும் இல்லை. உயரம் மட்டும் மிச்சம்.

இந்த வண்டிகளின் விளம்பரங்களைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். மலை, பாலைவனம், பனி, ஆள் நடமாட்டமே இல்லாத நீண்ட சாலை. ஒரே ஒரு கதாநாயகன். வேறு பாத்திரமே கிடையாது. இப்படி ஒரு நாவலை எழுதிப் பத்திரிகை ஆசிரியரிடம் கொண்டு போனால், மற்ற மனிதர்கள் எல்லாம் எங்கே ஐயா என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அன்லிமிட் என்றால் எல்லையற்றது. தியாகராய நகரில் எதற்கு எல்லையில்லை? எக்ஸ்.இ.வி. 9இ வண்டியின் நீளம் 4,789 மில்லிமீட்டர், அகலம் 1,907. நம் கணக்கில் சொன்னால், நீளம் 16 அடிக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் 6¼ அடி. 1961 முதல் இதே சென்னையில் செய்து விற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு 5 அடி அகலம், 13 அடிக்கும் குறைந்த நீளம். ஹெரால்டு ஓடிய சந்துகள் அப்படியேதான் இருக்கின்றன. பல இடங்களில் குறுகியும் இருக்கின்றன. பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதையை அகலப்படுத்தி, நடப்பவர்களுக்கென்று திறந்து வைத்தார்கள். அதற்குப் பக்கத்துத் தெருக்களில் போய்ப் பாருங்கள். உயரமான வண்டிகளின் இரண்டு சக்கரம் ரோட்டிலும் இரண்டு சக்கரம் நடைபாதையிலும் நிற்கும். எல்லையற்றது என்பதற்கு அங்கே கிடைக்கிற வியாக்கியானம் அது.

உயரமான ஆடம்பர வண்டியை நம் ஊர் இதற்கு முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறது. ஹெரால்டு செய்த அதே ஸ்டாண்டர்டு கம்பெனி, வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற காரை வெளியிட்டது. இங்கிலாந்தில் புகழ் பெற்ற ரோவர் காரின் உடலை அச்சுகளோடு வாங்கி வந்தார்கள். நம் சாலைகளுக்காக அதைச் சற்று உயர்த்தினார்கள். உள்ளே வைத்த எஞ்சின் மட்டும், 1940-களில் பிறந்த வான்கார்டு வண்டியின் வம்சம். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்த பாட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலையும் தாராளமாகக் குடித்தது. மூன்றே வருஷத்தில், 1988-ல், உற்பத்தி நின்றது. கம்பெனியும் பிறகு எழுந்திருக்கவில்லை. அன்றைக்கும் ஒரு கதையைத்தான் விற்றார்கள். வாங்கினவன் மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்த்ததும் கதை முடிந்து போயிற்று.

இப்போது வந்திருப்பவை அந்த ரகமல்ல; அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மூடிக்குள்ளே பழைய பாட்டி யாரும் இல்லை. மஹீந்திராவின் ஆராய்ச்சிக் கூடம் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் இருக்கிறது. சோதனை ஓட்டத்துக்கான பாதை செய்யாற்றுக்குப் பக்கத்தில். வண்டி உருவாவது மகாராஷ்டிரத்தில் சாகனில் என்றாலும், அதன் மூளையில் பெரும் பகுதி செங்கல்பட்டு ஜில்லாவில் வேலை செய்த மூளை. முன்பெல்லாம் வெளிநாட்டு உடலைக் கடன் வாங்கினோம். இன்று நாமே வரைகிறோம். புகை கிடையாது, சத்தம் கிடையாது. உள்ளே கேட்கிற ஓசைகளுக்கு ஏ.ஆர். ரஹ்மானைக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆர்.கே. மட ரோட்டில் மாலை ஆறு மணிக்கு நின்றவர்கள் யாரும் சத்தமில்லாத வண்டியைக் குறை சொல்ல மாட்டார்கள். என் குறை வண்டியோடு அல்ல, அதற்குக் கட்டின கதையோடு.

அந்தக் கதையில் விட்டுப் போனது எது? வாங்குகிறவர்கள் சொல்கிற உண்மையான காரணங்கள்தாம். அபிராமபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இந்த ஜாதி வண்டி ஒன்று வாங்கிற்று. எதற்காக என்று கேட்டேன். அந்த வீட்டு அம்மாள் சொன்னாள்: "அத்தைக்கு மூட்டுவலி. பழைய வண்டியில் உட்கார்ந்தால் கிணற்றில் இறங்கின மாதிரி. ஏற ஒருத்தர் தள்ளணும், இறங்க ஒருத்தர் இழுக்கணும். இதில் இடுப்பு மட்டத்துக்கு ஸீட் இருக்கு. அப்படியே திரும்பி உட்கார்ந்துடறார்." எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. உயரத்துக்கு இவ்வளவு அழகான, மனுஷத்தன்மையுள்ள காரணம் எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை. விளம்பரக் கதையில் யாருக்கும் முழங்கால் வலிப்பதில்லை.

இன்னொரு காரணத்தை அவர் வீட்டுக்காரர் சொன்னார். "மழைத் தண்ணீர், சார்." அதற்கு மேல் அவர் விளக்கவில்லை, இந்த ஊரில் விளக்க வேண்டியதும் இல்லை. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு அடையாறு கரை மீறி, கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்ததைப் பார்த்த ஊர் இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, பள்ளிக்கரணையில் ஓர் அடுக்குமாடி வளாகத்தில் கார்கள் காகிதக் கப்பல் மாதிரி மிதந்து போனதைத் தேசமே பார்த்தது. விழா நடந்த நவம்பர் 26-க்கு நாலே நாள் கழித்து, 30-ந் தேதி, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. அன்றைக்குச் சென்னை விமான நிலையத்தையே மூட வேண்டியதாயிற்று. மேடையில் எல்லையில்லாத இந்தியா; வெளியே கணுக்கால் வரை தண்ணீர், சில தெருக்களில் முழங்கால் வரை. பெட்ரோல் எஞ்சின் காற்றோடு தண்ணீரையும் உறிஞ்சினால் அங்கேயே படுத்துவிடும். மின் மோட்டாருக்கு அப்படி மூச்சு விடுகிற குழாய் கிடையாது. தரைக்கும் வண்டியின் அடிக்கும் நடுவே எட்டு அங்குல இடைவெளியும் இருக்கிறது. சென்னைவாசிக்குச் சொல்ல வேண்டிய கதை இதுதான். ஆனால் இதைச் சொன்னால் தெருவைக் காட்ட வேண்டும். தெருவைக் காட்டினால், எட்டு அங்குலம் எங்கே, 2015-ல் கோட்டூர்புரத்தில் ஏறின தண்ணீர் எங்கே என்று யாராவது கேட்பார்கள். வடிகாலுக்குச் செய்ய வேண்டிய செலவை வீட்டுக்கு வீடு 21 லட்சமாகப் பிரித்துச் செய்துகொண்டிருக்கிறோமா என்றும் கேட்பார்கள். வண்டி வாங்க முடியாதவன் எட்டு அங்குலத்துக்கு எங்கே போவான் என்றும் கேட்பார்கள். சங்கீதம் அபஸ்வரமாகிவிடும்.

பாதுகாப்பு என்ற பகுதியையும் கொஞ்சம் பார்க்கலாம். பாரத் என்கேப் என்ற சோதனையில் இந்த இரண்டு வண்டிகளுக்கும் ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. பெரிய வண்டி, பெரியவர்களின் பாதுகாப்பில் 32-க்கு 32 வாங்கிற்று. பரீட்சையில் அவ்வளவு வாங்கினவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த மார்க் வண்டிக்கு உள்ளே இருக்கும் பெரியவருக்கும் குழந்தைக்கும் போட்ட மார்க். வெளியே நடக்கிறவருக்கென்று அந்தப் பட்டியலில் தனி நட்சத்திரம் இல்லை. அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்பை ஆராயும் இன்ஷூரன்ஸ் நிறுவனம் ஒன்று 2023-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. முன்மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் மோதினால், 30 அங்குலத்துக்கு உட்பட்டுச் சரிந்த மூக்குள்ள வண்டிகளைக் காட்டிலும், நடப்பவர் இறக்கும் அபாயம் ஏறக்குறைய 45 சதவீதம் அதிகம் என்பது அந்தக் கணக்கு. காரணம் எளிது. தாழ்ந்த மூக்கு காலில் இடிக்கும். உயர்ந்த மூக்கு மார்பில் இடிக்கும். தெற்கு மாட வீதியில் கறிகாய் வாங்கக் குனிந்திருக்கிற பாட்டிக்கு அதுவே தலை. உள்ளே இருக்கும் அத்தையின் முழங்காலை நினைத்து நான் சந்தோஷப்பட்டது நிஜம். வெளியே குனிந்திருக்கும் பாட்டியும் யாருக்கோ அத்தைதான்.

உள்ளே ஓட்டுகிறவருக்கு முன்னாலிருந்து பக்கத்து ஆசனம் வரைக்கும் வரிசையாக மூன்று திரைகள், ஒவ்வொன்றும் 12.3 அங்குலம். தலைக்கு மேலே கண்ணாடிக் கூரை. மூன்று திரையிலும் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம். கூரை வழியே ஆகாசத்தைப் பார்க்கலாம். பார்ப்பதற்கு இவ்வளவு ஏற்பாடு செய்தவர்கள், பார்க்கப்படுகிற தெருவைப் பற்றி ஒரு வாக்கியம்கூட எழுதவில்லை என்பது ரசிகனுக்கு ஏமாற்றமாக இருக்கிறது.

எழுத ஒரு காட்சி இல்லாமலும் இல்லை. அந்த விழாவுக்கு ஒன்றரை மாதம் முந்தி, 2024 அக்டோபர் நடுவில், பெருமழை வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி நின்றன. தாழ்ந்தது, உயர்ந்தது, பழையது, இன்னும் மாலை வாடாத புதியது, எல்லாம் ஒரே வரிசை. போலீஸார் அபராதம் போடுகிறார்கள் என்று ஒரு பேச்சு எழுந்தது. இல்லை என்று மறுப்பும் வந்தது. வண்டிகளை மேலே நிறுத்திவிட்டு, சொந்தக்காரர்கள் கையில் சாவியோடு இறங்கி, தண்ணீர் வரப்போகிற தங்கள் தெருவுக்கு நடந்து போனார்கள்.