பெயர்வழிப்படும் வினை: ஆங்கிலச் சொற்சேர்க்கை அகராதிகளும் 'தாய்மொழிக் குறுக்கீடு' என்னும் விளக்கமும்

மலேசிய, சிங்கப்பூர் மாணவர் எழுதும் ஆங்கிலத்தில் அடிக்கடி சுட்டப்பெறும் பிழைகளுள் ஒன்று, வினைச்சொல்லை அடுத்து வேண்டாத முன்னிடைச்சொல் வந்து நிற்பதாகும். 'டிஸ்கஸ் அபவுட்', 'எம்ஃபசைஸ் ஆன்', வினையாக ஆளப்படும் 'ரிக்வெஸ்ட் ஃபார்' ஆகிய மூன்றும் இதற்குத் தக்க சான்றுகளாம். இவற்றை எழுதியவர் தமிழ் மாணவராயின், தமிழில் எண்ணி ஆங்கிலத்தில் எழுதியதன் விளைவு என்று முடிவு கட்டிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இம்முடிவைக் காட்டி, வீட்டில் தமிழ் பேசுவதைக் குறைத்துக்கொள்ளுமாறு பெற்றோர்க்கு அறிவுரை கூறுவோரும் உளர். எனவே இது ஆங்கில ஆசிரியர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய செய்தி அன்று. இப்பிழைகளின் வேர் தமிழில் இல்லை, ஆங்கிலப் பெயர்ச்சொற்களின் இயல்பிலேயே உள்ளது என்பதும், சொற்சேர்க்கை அகராதிகள் அவ்வேரை நெருங்கியும் தொடாது நின்றுவிட்டன என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

அன்றாட ஆங்கிலத்தில் வினையும் பெயரும் சேருமிடத்து, வினையைத் தெரிவு செய்வது பெரும்பாலும் பெயரே. 'மிஸ்டேக்' என்பது 'மேக்' என்னும் வினையை வேண்டும்; 'க்ரைம்' 'கமிட்' என்பதையும், 'அட்டென்ஷன்' 'பே' என்பதையும் வேண்டும். 'பே' என்பதற்குப் பணம் செலுத்துதல் என்ற பொருள் இங்கு ஏறத்தாழ முற்றிலும் தேய்ந்துவிட்டது. பொருட்சுமையைத் தாங்குவது பெயர்; வினை அதற்கு உறுதுணை. செருமானிய அகராதியியலாளர் ஹவுஸ்மன் இத்தகைய சேர்க்கைகளில் ஓர் உறுப்பை அடிச்சொல் என்றும் மற்றதைச் சார்சொல் என்றும் பகுத்தது இதனாலேயே. மார்ட்டன் பென்சன், ஈவ்லின் பென்சன், ராபர்ட் இல்சன் ஆகிய மூவரும் 1986இல் வெளியிட்ட பிபிஐ சொற்சேர்க்கை அகராதியும் இத்தகைய சேர்க்கைகளைப் பெயரின் கீழேயே பதிவு செய்தது. ஒரு பொருளைத் தோற்றுவிக்கும் வினைகளை ஒரு வகையாகவும், அதனை நீக்கும் அல்லது செயலிழக்கச் செய்யும் வினைகளை வேறொரு வகையாகவும் அது பிரித்துக் காட்டியமை பாராட்டத்தக்கது.

தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. வெவ்வேறு வினைகளுக்குரிய பொருள்களைப் பொதுச்சொல்லால் சுட்டும்போது அவற்றுள் ஒன்றற்குரிய வினையைக் கொடுத்து முடித்தல் கூடாது என்று தொல்காப்பியக் கிளவியாக்கம் விதிக்கிறது. கறியைத் தின்னலாம், பாலைப் பருகலாம். இரண்டையும் அடக்கிய 'அடிசில்' என்னும் பெயர்க்கு 'அயின்றார்' போன்ற பொதுவினையே ஏற்கும் என்பது உரையாசிரியர்கள் காட்டும் நெறி. அவ்விதியின் நோக்கம் வேறாயினும், பெயர் தனக்குரிய வினையைத் தானே வேண்டி நிற்கும் என்ற தெளிவு அதனுள் அடங்கியுள்ளது.

இனி முன்னிடைச்சொல்லைக் காண்போம். 'பே அட்டென்ஷன் டு', 'டேக் அட்வான்டேஜ் ஆஃப்', 'புட் பிரஷர் ஆன்' ஆகிய தொடர்களில் இறுதியில் நிற்கும் சொல்லைத் தெரிவதும் பெயரே ஆகும். ஆங்கிலப் பெயர்ச்சொல் செயப்படுபொருளை நேராக ஏற்பதில்லை. இடையில் ஓர் இணைப்பு வேண்டும். வினை அவ்வாறன்று. 'எம்ஃபசிஸ்' என்னும் பெயர்க்கு 'ஆன்' தேவை. 'எம்ஃபசைஸ்' என்னும் வினைக்கு அது தேவையில்லை. 'டிஸ்கஷன்', 'டிஸ்கஸ்' இரண்டன் நிலையும் இதுவே. 'ரிக்வெஸ்ட்' பெயராக நிற்கையில் 'ஃபார்' பெறும், வினையாக நிற்கையில் பெறாது. ஆக, மூன்று பிழைகளிலும் மாணவர் செய்தது பெயர்க்குரிய முன்னிடைச்சொல்லை வினைக்கும் நீட்டியதே. அதற்கு ஆங்கிலமே இடமளிக்கிறது. 'டிபெண்ட்', 'ரிலை', 'இன்சிஸ்ட்' ஆகிய வினைகளும் அவற்றின் பெயர்களும் ஒருங்கே 'ஆன்' பெறுகின்றன. 'இன்சிஸ்ட் ஆன்' சரியெனில் 'எம்ஃபசைஸ் ஆன்' எவ்வாறு தவறாகும் என ஒரு மாணவர் வினவுவாராயின், அது நல்ல வினாவே. 'டாக் அபவுட்', 'ஆஸ்க் ஃபார்' போன்ற பொருளொத்த தொடர்களும் இதற்குத் துணைபுரிகின்றன.

தமிழின் மீது குற்றம் சுமத்துவோர் நோக்க வேண்டிய சான்று ஒன்றுண்டு. 'வலியுறுத்து' என்னும் வினை இரண்டாம் வேற்றுமையையே ஏற்கும். ஒழுக்கத்தை வலியுறுத்தினார் என்போமேயன்றி, ஒழுக்கத்தின்மேல் வலியுறுத்தினார் என்று தமிழர் எவரும் கூறார். 'உதவியைக் கோரினார்' என்பதிலும் 'ஃபார்' என்பதற்கு ஒப்பான உருபு இல்லை. தமிழில் எண்ணி எழுதியிருப்பின் மாணவர் சரியாகவே எழுதியிருப்பர். 'பற்றி விவாதித்தல்' தமிழில் உண்டாதலின், 'டிஸ்கஸ் அபவுட்' ஒன்றற்கு மட்டும் தமிழும் ஓரளவு துணைநின்றிருக்கலாம். ஆயின் மலாய் மொழியின் 'மெனெகன்கன்', 'மெம்பிஞ்சங்கன்' ஆகிய வினைகளும் நேர்ச் செயப்படுபொருளையே ஏற்கின்றன. தமிழே வழங்காத நைஜீரியாவிலும் 'டிஸ்கஸ் அபவுட்' வழக்கில் உள்ளமை நன்கு பதிவு செய்யப்பட்ட செய்தி.

பிறமொழிக் குறுக்கீடே இல்லை என்பது நம் கருத்தன்று. விளக்கைப் போடுதலை 'ஓப்பன் தி லைட்' என்பது இவ்வட்டார ஆங்கிலத்தில் கேட்கக்கூடியதே. 'திற' என்னும் பொருளுடைய வினையையே மலாய் 'புக்கா லம்பு' எனவும், சீனம் 'கைடெங்' எனவும் விளக்கோடு சேர்க்கின்றன. தமிழில் விளக்கைப் போடுகிறோம், ஏற்றுகிறோம், திறப்பதில்லை. எனினும் நம் பிள்ளைகள் வாயிலும் அது வருகிறதெனில், அஃது அண்டை மொழிகளின் வழிவந்த வட்டார ஆங்கிலத்தின் கொடையாகும்.

1957இல் ராபர்ட் லாடோ வகுத்த மொழி ஒப்பீட்டு முறைக்கு மாற்றாக, பயிலும் மொழியின் உள்ளிருந்தே பிழைகள் பிறக்கும் என ஜாக் ரிச்சர்ட்ஸ் 1971இல் எடுத்துரைத்தார். அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் நம் ஆசிரியரிடையே முன்னதன் செல்வாக்கே மிகுந்திருப்பது வியப்பளிக்கிறது.

அகராதிகளுக்கு மீள்வோம். பிபிஐ ஆங்கில வினைகளைப் பத்தொன்பது அமைப்புகளாக்கிக் குறியீடு தந்துள்ளது. குறியீடுகளை மனனம் செய்தாலன்றிப் பயன்கொள்ளல் அரிது. 2002இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு சொற்சேர்க்கை அகராதி, பத்துக் கோடிச் சொற்கள் அடங்கிய பிரித்தானியத் தேசியத் தரவகத்தை அடிப்படையாகக் கொண்டது; குறியீட்டுச் சுமையின்றிப் படிக்க எளியது. எனினும் இரண்டிற்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. அகரவரிசையில் அருகருகே நிற்கும் பெயரும் வினையும் தனித்தனித் தீவுகளாகவே நடத்தப்படுகின்றன. எது எதனோடு சேரும் என்று கூறுவதே இவற்றின் பணி. எது சேராது என்பது வாசகர் ஊகத்திற்கு விடப்படுகிறது. பொதுக் கற்போர் அகராதிகள் சில 'டிஸ்கஸ் அபவுட்' தவறென எச்சரிக்கின்றன. ஆயின் அவ்வெச்சரிக்கை ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறது; அதனை ஒத்த பிற சொற்களுக்கு மாணவரை இட்டுச் செல்வதில்லை.

இக்குறையை வகுப்பறையில் நிரப்பத் தமிழாசிரியரால் இயலும். 'நகரைத் தாக்கினர்' என்பதையும் 'நகர்மீது தாக்குதல் நடத்தினர்' என்பதையும் அடுத்தடுத்து எழுதிக் காட்டினால் போதும். வினை 'ஐ' உருபை ஏற்க, பெயர் 'மீது' என்பதை வேண்டுகிறது. ஆங்கில 'அட்டாக்' என்பதும் அவ்வாறே வினையாகும்போது நேர்ச் செயப்படுபொருளையும், பெயராகும்போது 'ஆன்' என்பதையும் கொள்கிறது. 'நகர்மீது தாக்கினர்' என்பது தமிழ்ச் செவிக்கு ஏன் நெருடுகிறது என்று கேட்டபின், 'எம்ஃபசைஸ் ஆன்' என்பதைக் கரும்பலகையில் எழுதலாம்.