எண்ணெய்ப் பணம் வருவதற்குச் சற்று முன்

'ஃப்ளோக்லீப்பா கிராண்ட் பிரீ' (1975) படத்தை முதல் தடவை பார்த்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டாவது தடவை ஓர் இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

நார்வேயின் இவோ காப்ரினோ எடுத்த பொம்மைப் படம் இது. பொம்மையை நூலளவு நகர்த்தணும், ஒரு ஃப்ரேம் எடுக்கணும், மறுபடி நகர்த்தணும். கிராமமும் மனிதர்களும் ஷெல் ஆவுக்ருஸ்ட் என்ற எழுத்தாளரின் கற்பனை. மலை உச்சியில் சைக்கிள் ரிப்பேர் செய்கிறார் ரெயோடார் ஃபெல்கன். கூடவே எதற்கும் துணிந்த சூலன் என்ற பறவையும், எல்லாவற்றுக்கும் பயப்படும் லூத்விக் என்ற முள்ளெலி மாதிரியான ஜீவனும். ரெயோடாரின் பழைய உதவியாளன் அவருடைய இன்ஜின் வரைபடத்தைத் திருடி, பெரிய ரேஸ் வீரனாகிவிட்டான். அவனோடு மோத ஒரு கார் கட்ட வேண்டும். கையில் காசில்லை.

காசு தருவது அந்தப் பக்கம் வந்து தங்கியிருக்கும் ஓர் அரபு ஷேக். பெயரிலேயே கிண்டல், உருவத்திலும் கிண்டல். இங்கேதான் எனக்கு இடித்தது.

1973 எண்ணெய் நெருக்கடி முடிந்த சூட்டில் வந்த படம். எண்ணெய்ப் பணக்காரன் என்றால் வேற்று நாட்டுக் கோமாளி என்று சிரிக்க முடிந்த காலம். ஆனால் வடகடலில் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் 1969லேயே கண்டுபிடிக்கப்பட்டாச்சு. கொஞ்ச வருஷத்தில் அந்தப் பணக்காரர் யாரென்று பார்த்தால், சிரித்தவர்களேதான்!

இதற்காகப் படத்தைத் தூக்கிப் போட்டுவிடலாமா? என்னால் முடியவில்லை. கதையில் திருடன் உள்ளூர்க்காரன். நம்பிக் காசு கொடுப்பவர் அந்நியர். கேலிச்சித்திரம் சொல்வதைக் கதையே மறுக்கிறது. அதனால் கேலி சரியாகிவிடாது, ஆனால் படம் அதைவிடப் பெரிது.

பெரிது என்று நான் சொல்வது ரேஸை அல்ல. அது கடைசிப் பகுதியில்தான் வருகிறது. அதுவரை பட்டறை, சாப்பாட்டு மேசை, பித்தளை வாத்தியக் குழு, லூத்விக்கின் புலம்பல். ஜெயிப்பதைவிட, மூன்று பேர் சேர்ந்து ஒரு பொருளைச் செய்து முடிக்கும் சந்தோஷம்தான் படத்தின் இன்ஜின். நார்வேயில் 50 லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்றிருக்கிறது. படம் வந்தபோது நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய 40 லட்சம்தான். பணக்கார நாடாகிவிட்டவர்கள், காசில்லாத அந்த மெக்கானிக்கைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறார்கள். எதைத் தேடிப் போகிறார்கள் என்று இப்போது எனக்குப் புரிகிற மாதிரி இருக்கிறது.