அசாகி லினக்ஸ்: ஒரு விமர்சனம்

ஆப்பிள் நிறுவனம் 2020 நவம்பரில், தானே வடிவமைத்த எம்1 சில்லுடன் மேக் கணினிகளை வெளியிட்டது. மேக்ஓஎஸ் தவிர வேறு இயங்குதளத்தை எண்ணி அவை உருவாக்கப்படவில்லை. அவற்றில் லினக்ஸை இயக்க ஹெக்டர் மார்ட்டின் தொடங்கிய திட்டமே அசாகி லினக்ஸ். மெக்கின்டாஷ் வகை ஆப்பிளுக்கு ஜப்பானில் வழங்கும் பெயர் அசாகி. முதல் சோதனைப் பதிப்பு 2022 மார்ச்சில் வந்தது. (லினக்ஸும் 1991இல் இன்டெல் 386 செயலிக்கென்றே எழுதப்பட்டதுதான்.)

இத்திட்டத்தைப் பூட்டை உடைத்த சாகசமாகப் புகழ்வது பிழை. பிற கெர்னல்களைத் தொடங்குவதற்கான வழியை ஆப்பிளே மேக்கில் வைத்திருக்கிறது; ஐபோனில் அது இல்லை. ஆனால் வன்பொருள் பற்றிய ஆவணங்களை நிறுவனம் தரவில்லை. ஆகவே எம்1என்1 என்னும் சிறு நிரலின் மேல் மேக்ஓஎஸையே ஓடவிட்டு, அது வன்பொருளுக்கு என்னென்ன கட்டளை இடுகிறது என்று கவனித்துக் கற்றனர்.

இதில் எவ்வளவு பொறுப்பு தேவை என்பதை ஒலிபெருக்கி காட்டுகிறது. மேக்புக்கின் சிறிய ஒலிபெருக்கிகளிலிருந்து அவை தொடர்ந்து தாங்கக்கூடிய அளவைவிட அதிக ஒலி பெறப்படுகிறது. சுருள் எவ்வளவு சூடாகிறது என்று மென்பொருள் ஓயாமல் கணக்கிட்டு ஒலியைக் குறைப்பதால்தான் அவை பிழைக்கின்றன. அந்தக் காவல் இல்லாத இயங்குதளத்தில் சத்தமாகப் பாட்டு வைத்தால் ஒலிபெருக்கி எரிந்துபோகலாம். அசாகி குழு அவசரப்படவில்லை. காவல் நிரலைத் தாமே எழுதி முடிக்கும்வரை ஒலிபெருக்கிகளை முடக்கியே வைத்திருந்தது. பயனர்கள் முணுமுணுத்தாலும் அதுவே சரியான முடிவு.

வரைகலையில் நிலைமை வேறு. அலிசா ரோசன்ஸ்வைக்கும் பிறரும் எழுதிய இயக்கி, 2024இல் ஓபன்ஜிஎல் 4.6 தரச்சான்று பெற்றது. அதே கணினியில் மேக்ஓஎஸ் தருவது 4.1 மட்டுமே. வன்பொருளைச் செய்தவரின் மென்பொருளை வெளியார் ஒரு துறையிலாவது முந்தியது அரிது.

குறைகளும் சிறியவை அல்ல. கைரேகை உணரி இயங்குவதில்லை. 2025 தொடக்கத்திலும் நிறுவி எம்1, எம்2 தலைமுறைகளோடு நின்றிருந்தது. ஆப்பிளோ அப்போதே எம்4 வரை போய்விட்டிருந்தது. இதைத் திறமைக் குறைவு என்று சொல்ல முடியாது. சில்லுக்குச் சில்லு மாறும் விவரங்களை ஒவ்வொரு முறையும் ஊகித்தே அறிய வேண்டியிருக்கிறது. அதைச் செய்வோரோ நன்கொடையை நம்பும் சிலர்தான். மாற்றங்களை மூலக் கெர்னலில் சேர்ப்பதிலும் இழுபறி இருந்தது. 2025 பிப்ரவரியில் மார்ட்டின் சோர்வுற்றுத் தலைமையிலிருந்து விலகினார். எஞ்சியோர் கூட்டாகப் பொறுப்பேற்று, புதிய சில்லுகளை நோக்கி ஓடுவதற்கு முன் ஏற்கெனவே எழுதியவற்றை மூலக் கெர்னலில் சேர்ப்பதற்கு முன்னுரிமை அளித்தனர்.