தங்கவயலுக்கு வராத படம்

2025 ஜூன் 5 அன்று மணிரத்னம் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த 'தக் லைஃப்' உலகெங்கும் வெளியானது, கர்நாடகத்தைத் தவிர. சென்னை விழா ஒன்றில் கன்னட மொழி பற்றிக் கமல் சொன்ன கருத்துக்கு மன்னிப்புக் கேட்டால்தான் படம் ஓடும் என்று கர்நாடகத் திரைப்பட வர்த்தக சபை அறிவித்தது. அவர் கேட்கவில்லை. தணிக்கைச் சான்று பெற்ற ஒரு படத்தைக் கும்பலின் மிரட்டலுக்காக நிறுத்திவைக்க முடியாது என்று ஜூன் 17 அன்று உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்டது. இரண்டு நாள் கழித்து மாநில அரசும் பாதுகாப்புத் தருவதாக உறுதி கூறியது. அதற்குள் வியாபாரம் ஆறிப்போயிருந்தது. படம் அங்கே திரைக்கு வரவே இல்லை.

சண்டை என்னவோ சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில்தான். நட்டப்பட்டவர்களில் கோலார் தங்கவயல்காரர்களும் உண்டு. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்ட வந்தபோது வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆள் எடுத்தது. அவர்களுடைய பேரன் பேத்திகள்தான் இன்றைக்கும் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் சாம்பியன் ரீஃப் லைன் வீடுகளிலும் தமிழ் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அ.தி.மு.க. வேட்பாளரைக் கர்நாடகச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி இது. அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்ட பிறகு ஊரில் வேலை இல்லை. மாரிகுப்பத்தில் ரயிலேறி, நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்குப் போய், இரவில் திரும்புகிறவர்களின் ஊராகிவிட்டது. போக வர உள்ள அந்த நேரத்தில் கையில் இருப்பது கைப்பேசி.

அந்தக் கைப்பேசிக்குத் 'தக் லைஃப்' வெளியான அன்றே வந்துவிட்டது, திருட்டுத் தளங்கள் வழியாக. காசு கொடுத்து நேர்மையாகப் பார்க்க நினைத்தவர் ஓசூருக்கோ கிருஷ்ணகிரிக்கோ பஸ் ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஜூலை 3 அன்று நெட்ஃப்ளிக்ஸில் வரும்வரை நான்கு வாரம் காத்திருந்திருக்க வேண்டும். டிஜிட்டல் யுகத்தில் படைப்பைப் பாதுகாப்பது பற்றிப் பேசுகிறவர்கள் எப்போதும் திருடனிடமிருந்தே தொடங்குகிறார்கள். தங்கவயலில் இருந்து பார்த்தால் கேள்வி வேறு இடத்தில் தொடங்குகிறது: விற்கவே மறுத்த சரக்கை எப்படிப் பாதுகாப்பது?

டிஜிட்டல் முறைக்கு எதிராக மட்டுமே பேசினால் அது நன்றி கெட்ட பேச்சு. ஃபிலிம் பிரிண்ட் இருந்த காலத்தில் ஒரு பிரிண்ட் போடப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். அதனால் பெரிய ஊர்களுக்கு மட்டும் எண்ணிப் போடுவார்கள். அங்கே ஓடித் தேய்ந்து, கீறல் விழுந்து, சில இடங்களில் பாட்டே வெட்டுப்பட்ட பிறகுதான் சிற்றூர்களுக்குப் 'பெட்டி' வரும். அந்த இடைவெளியில் புகுந்ததுதான் திருட்டு விசிடி. இப்போது படம் குறியாக்கம் செய்த கோப்பாக ஹார்டு டிஸ்கிலோ செயற்கைக்கோள் வழியாகவோ தியேட்டருக்குப் போகிறது. திறக்கும் 'கீ' தனியாக வருகிறது. அந்தக் கீ அந்த ஒரு புரொஜெக்டர் சர்வரில் மட்டும், குறித்த நாள் குறித்த நேரத்துக்குள் மட்டும் வேலை செய்யும். சென்னையில் தொடங்கிய க்யூப் நிறுவனம் இந்த முறையைச் சின்னத் தியேட்டர்கள்வரை கொண்டுபோனது. மாநகர மல்டிபிளெக்ஸில் ஓடும் அதே துல்லியமான படம் ஒரு தாலுகாத் தலைநகரில் அதே காலையில் ஓடுகிறது என்றால் அதற்குக் காரணம் இந்தப் பூட்டுதான். பாதுகாப்புத் தொழில்நுட்பம் விநியோகத்தை விரிவாக்கிய அரிய இடம் இது.

ஆனால் கீயைக் கையில் வைத்திருப்பவர் திருடனை மட்டும் தடுப்பதில்லை. பாக்கி தீரும்வரை கீயை விடாதே என்று ஃபைனான்சியர் சொன்னால் படம் நின்றுவிடும். 2018 அக்டோபரில் '96' படத்தின் அதிகாலைக் காட்சிகள் பணப் பிரச்சினையில் ரத்தாகி, ரசிகர்கள் தியேட்டர் வாசலில் நின்றது பலருக்கு நினைவிருக்கும். பெட்டி காலத்திலும் கடைசி நேர வசூல் உண்டு. இப்போது அதற்கு ஆளே அனுப்ப வேண்டாம். அதே 2018 மார்ச்சில், டிஜிட்டல் சேவை நிறுவனங்கள் வாங்கும் கட்டணத்தை எதிர்த்துத் தமிழ்த் தயாரிப்பாளர்கள் புதுப் படங்களை வெளியிடாமல் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். பூட்டுச் செலவு யார் தலையில் என்ற சண்டைதான் அது.

திருடனைப் பிடிப்பதில் இந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது. திரையிலும் ஒலியிலும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத குறி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். திருட்டுப் பதிவைச் சோதித்தால் எந்த தியேட்டர், ஏறத்தாழ எந்தக் காட்சி என்று தெரிந்துவிடும். 2024 ஜூலையில் திருவனந்தபுரம் தியேட்டர் ஒன்றில் 'ராயன்' ஓடிக்கொண்டிருந்தபோது அதைக் கைப்பேசியில் பதிவு செய்த ஒருவரைக் கொச்சி சைபர் போலீஸ் இருக்கையிலேயே பிடித்தது. அக்டோபரில் 'ஏ.ஆர்.எம்.' என்ற மலையாளப் படத்தைத் திருடிய வழக்கில் அதே போலீஸ் இருவரைப் பெங்களூரில் கைது செய்தது. இரண்டு வழக்கிலும் சிக்கியவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள். திருட்டுக் கும்பல்களுக்கு ஏரியாப் பிரிவினை கிடையாது. மாநிலம் மாநிலமாக உரிமை பிரித்து விற்கும் பழக்கம் தயாரிப்பாளர்களுக்கு மட்டும்தான்.

சட்டமும் கடுமையில் குறைவில்லை. தமிழ்நாடு 2004-லேயே திருட்டு விசிடிக்காரர்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. கர்நாடகம் 2014-ல் 'டிஜிட்டல் குற்றவாளி' என்ற வகையையே தன் குண்டர் சட்டத்தில் சேர்த்தது. விசாரணை இல்லாமல் ஓராண்டு உள்ளே வைக்கலாம் என்பது பாட்டுத் திருட்டுக்குப் பொருந்துகிற அளவுதானா என்று அப்போதே கேட்டார்கள். பதில் இன்னும் வரவில்லை. 2023-ல் ஒன்றிய அரசு திரைப்படச் சட்டத்தைத் திருத்தியது. திருட்டுப் பதிவுக்கு 3 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறை. அபராதம் 3 லட்சம் ரூபாயில் தொடங்கி, படத்தின் கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம்வரை போகும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் தளத்தை முடக்கச் சொல்ல 12 அதிகாரிகளும் அமர்த்தப்பட்டார்கள். ஒரு புதுப் படத்தின் முதல் வார வசூல் நாலே நாளில் முடிந்துபோகிற இன்றைய நிலையில், இந்த 48 மணி நேரம் என்பது பாதிப் போர் தோற்ற பிறகு வரும் படை.

முடக்கும் ஆணைகளின் கதை இன்னும் சிக்கலானது. 2012-ல் தனுஷ் நடித்த '3' படத்தின் தயாரிப்பாளருக்குச் சென்னை உயர் நீதிமன்றம், பெயர் தெரியாத எதிரிகள் மீது தடை கொடுத்தது. 'அசோக் குமார்' என்று வழக்கறிஞர்கள் சொல்லும் வகை ஆணை. இணையச் சேவை நிறுவனங்கள் பயந்துபோய் விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களை முழுசாகவே மூடின. குறும்படம் எடுக்கிற பையன்கள் தங்கள் படத்தையே பார்க்க முடியாமல் போனது. ஜூன் 22 அன்று நீதிமன்றமே, குறிப்பிட்ட முகவரிகளைத்தான் முடக்க வேண்டும், தளத்தை அல்ல என்று தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், இதே படத்தின் 'கொலவெறி' பாட்டு முந்தைய நவம்பரில் திருட்டுத்தனமாக வெளியே கசிந்தபோது படக்குழு வழக்குப் போடவில்லை; முறைப்படி யூடியூபில் தானே வெளியிட்டது. அது உலகம் சுற்றியது.

பத்து வருஷம் கழித்து தங்கவயலின் பெயரிலேயே அடுத்த பாடம் வந்தது. 'கே.ஜி.எஃப் 2' படத்தின் இந்திப் பாடல்களுக்கு உரிமை வைத்திருந்த எம்.ஆர்.டி. மியூசிக், பாரத் ஒற்றுமை நடைப்பயண வீடியோக்களில் அவற்றைப் போட்டதாகக் காங்கிரஸ் மீது வழக்குத் தொடுத்தது. குறை நியாயமானதுதான். கட்சி காசு கொடுத்துப் பாட்டு வாங்கியிருக்கலாம். ஆனால் 2022 நவம்பர் 7 அன்று பெங்களூர் வணிக நீதிமன்றம், காங்கிரஸின் ட்விட்டர் கணக்கையே முடக்கச் சொன்னது. ஒரு தேசியக் கட்சியின் குரல் மொத்தமும், ஒரு சினிமாப் பாட்டுக்காக. மறுநாளே கர்நாடக உயர் நீதிமன்றம், அந்தப் பதிவுகளை நீக்கினால் போதும் என்று ஆணையை ரத்து செய்தது. பிறகு 2023 ஜூனில், இதே விவகாரத்தில் காங்கிரஸ் தலைவர்கள் மீது பதிவான குற்ற வழக்கை ரத்து செய்ய அதே உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. உரிமையும் உண்டு, அளவும் உண்டு என்று இரண்டு தீர்ப்பும் சேர்ந்து சொன்னதை முதல் நீதிமன்றமே சொல்லியிருக்கலாம்.

இத்தனை பூட்டிலும் அதிகம் அல்லல்படுகிறவர் காசு கொடுத்தவர். ஓடிடி நிறுவனங்கள் பயன்படுத்தும் வைட்வைன் என்ற பாதுகாப்பு முறை, கைப்பேசியின் தரத்தைப் பார்த்துத்தான் துல்லியப் படம் கொடுக்கும். உயர்நிலைச் சான்று இல்லாத மலிவுப் போன் வைத்திருப்பவர் மாதச் சந்தா கட்டியும் மங்கலான படத்தைத்தான் பார்க்கிறார். அதே ரயில் பெட்டியில் பக்கத்து இருக்கைக்காரர் திருட்டுக் கோப்பில் முழு எச்டி பார்த்துக்கொண்டு வருவார். ஒரு படம் ஓடிடியில் ஏறிய சில மணி நேரத்தில் அதன் சுத்தமான நகல் வெளியே வந்துவிடுகிறது. ஆக அந்தப் பூட்டு திருடனை நிறுத்தியதாகச் சொல்ல முடியவில்லை. சந்தாதாரரை மட்டும் நிறுத்துகிறது. வாங்கியது கையில் தங்குமா என்பதும் உறுதியில்லை. நயன்தாரா நடித்த 'அன்னபூரணி' 2023 டிசம்பர் இறுதியில் நெட்ஃப்ளிக்ஸுக்கு வந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் 2024 ஜனவரியில் எடுக்கப்பட்டது. சந்தா கட்டியவர் அலமாரியில் விசிடி கூட இல்லை.

கன்னடத் திரையுலகத்துக்கு இன்னொரு வகைப் 'பாதுகாப்பு' பழக்கம். வேற்றுமொழிப் படங்களைக் கன்னடத்தில் டப் செய்யக் கூடாது என்று பல பத்தாண்டுகள் எழுதப்படாத தடை வைத்திருந்தார்கள். 2015-ல் போட்டி ஆணையம் வர்த்தக சபைக்கு அபராதம் விதித்தது. 2017-ல் 'என்னை அறிந்தால்' கன்னடம் பேசி வந்தபோதும் எதிர்ப்பு இருந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஹொம்பாளே பிலிம்ஸின் 'கே.ஜி.எஃப்' தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி என்று டப் ஆகி நாடெங்கும் ஓடியது. 2022 ஏப்ரலில் வந்த இரண்டாம் பாகம் ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. கன்னட சினிமாவின் மிகப் பெரிய வசூல், கன்னட சினிமா தடுத்துவந்த டப்பிங்கால் வந்தது! சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளில் படம் எடுத்தார்கள் என்பதைத் தவிர, ஊர்க்காரர்களுக்கு அந்தக் கோடிகளில் பங்கு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அது வேறு கணக்கு.

ஆனால் அதே படம் ஒரு நல்ல வழியையும் காட்டியது. தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 2022 மே 16 அன்று அமேசான் பிரைம் அதை 199 ரூபாய் வாடகைக்கு ஐந்து மொழிகளிலும் கொடுத்தது. சந்தா இல்லாதவரும் அந்தப் பணத்தைக் கட்டிப் பார்க்கலாம். ஜூன் 3 முதல் சந்தாதாரர்களுக்குக் கூடுதல் கட்டணம் இல்லை. அவசரக்காரரிடம் காசு வாங்கி, பொறுமைக்காரருக்குச் சலுகை கொடுக்கும் இந்த ஏற்பாடு, பல வழக்குகளைவிட விவேகமானது.

இதற்கு எதிர்வாதம் உண்டு. 2013-ல் 'விஸ்வரூபம்' படத்தை டிடிஎச்சில் முதலில் காட்டக் கமல் முயன்றபோதும், 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' நேராக ஓடிடிக்குப் போனபோதும் தியேட்டர் உரிமையாளர்கள் கொதித்தார்கள். இடைவெளி குறைந்தால் தியேட்டருக்கு ஆள் வராது என்ற அவர்கள் பயம் பொய்யில்லை. சிறு ஊர்த் தியேட்டர்கள்தான் முதலில் சாகும். தியேட்டரில் ஓடும் படத்துக்கு அந்த வாதத்தை ஏற்கலாம். ஒரு மாநிலத்தில் தியேட்டரே படத்தை எடுக்க மறுக்கும்போது, யாருடைய வசூலைக் காப்பாற்ற வாடகை வழியையும் மூடிவைப்பது?

தமிழ்ப் படத்தின் கர்நாடக உரிமை இன்றைக்கும் ஒரே 'ஏரியா'வாக விற்கப்படுகிறது. பெங்களூரில் படம் நின்றால், தமிழ் பேசுவோர் நிறைந்த தங்கவயலிலும் நிற்கும். இணைய வாடகைக்கு அந்தக் கோடு அவசியமில்லை. எந்த மாநிலத்தில் இருந்து பார்க்கிறார் என்று செயலிகளுக்குத் தெரியும், அந்த மாநிலத்துக்கு மட்டும் திறந்துவிடவும் முடியும். தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கமும் ஓடிடி நிறுவனங்களும் அடுத்த ஒப்பந்தம் எழுதும்போது ஒரு வரி சேர்க்க வேண்டும்: எந்த மாநிலத்திலாவது படம் தியேட்டருக்கு வர முடியாமல் போனால், வெளியீட்டு நாளன்றே அங்கே அது வாடகைக்குக் கிடைக்க வேண்டும். மாரிகுப்பம் ரயிலில் இருப்பவர் அந்த 199 ரூபாயைக் கட்டத் தயாராக இருக்கிறாரா இல்லையா என்பதை, முதலில் அவரிடம் விற்றுப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.